பெயின்ற் பூச்சு வண்டியின் கூரை

இடம்பெயர்ந்து வாழும் ஒரு குடும்பத்திடம் பழைய கார் ஒன்றோ வான் ஒன்றோ எஞ்சியிருந்தால் அது பெரிய முதல். மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு போவதும், இரவில் நோயாளியை ஆசுப்பத்திரிக்கு ஏற்றுவதும் அதில்தான். ஆனால் மனிதருக்கே கூரை போதாத இடத்தில் வண்டி வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதற்கு இருக்கும் ஒரே கூரை அதன் பெயின்ற் பூச்சுத்தான்.

1990களில் வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்டபோது ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இயந்திரத்தை எப்படியாவது ஓடவைக்கலாம். தகடு இற்றுப்போனால் பெருஞ்செலவு.

பூச்சு எப்படிக் கெடுகிறது?

இரும்பில் நீரும் ஒட்சிசனும் சேர்ந்து படும்போது கறள் பிடிக்கிறது. உப்பு அதை விரைவாக்குகிறது. கடற்காற்று, கருவாடு, பசளை ஆகிய மூன்றிலும் உப்புகள் உண்டு. வெயிலில் உள்ள ஊதாக்கடந்த கதிர்கள் பூச்சின் மேற்படையைச் சிதைத்து, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறச் செய்கின்றன.

கழுவும் முறை

பசளையோ கருவாடோ ஏற்றினால் அன்றே கழுவுங்கள். காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவுவது நல்லது. முதலில் நீர் ஊற்றி மண்ணைக் கரைத்த பின்பே துணியால் தேய்க்க வேண்டும். இல்லையேல் மணல் பூச்சைக் கீறும். மட்காட்டின் உட்புறத்தில் ஒட்டிய சேற்றையும் அகற்றுங்கள். கதவுகளின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை சேற்றால் அடைபட்டால் கதவு உள்ளிருந்தே உக்கும்; ஈர்க்கால் குத்தித் திறந்துவிடுங்கள்.

குடாநாட்டுக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அது காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் விழும். எனவே கழுவியவுடன் உலர்ந்த துணியால் துடையுங்கள். மினுக்கத்துக்காக மண்ணெண்ணெய் பூச வேண்டாம். அது தூசியை இழுக்கும். பின்பு பூசும் பெயின்றும் ஒட்டாது.

வெளிறிய பூச்சு

கழுவிக் காய்ந்த இடத்தில் கட்டிங் கொம்பவுண்டைச் சிறிது வெள்ளைத் துணியில் எடுத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். வண்டியின் நிறம் துணியில் ஒட்டினால் அது பழைய ஒற்றைப் பூச்சு. ஒட்டாவிட்டால் மேலே நிறமற்ற படை ஒன்று இருக்கிறது. இரண்டையும் அளவாகவே தேய்க்க வேண்டும். ஓரங்களில் பூச்சு மெல்லியது, விரைவில் தேய்ந்துவிடும். மினுக்கம் வந்ததும் கார் மெழுகு பூசுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசினால் போதும்.

கறள் கண்ட இடம்

1. கம்பித் தூரிகையால் சுரண்டி, 80ஆம் இலக்க அரத்தாளாலும் பின்னர் 180ஆம் இலக்க அரத்தாளாலும் உலோகம் பளிச்சிடும்வரை தேயுங்கள். சுற்றியுள்ள பூச்சின் ஓரம் விரல் நகத்தில் தட்டாதபடி சரிவாக வரவேண்டும்.
2. தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அன்றே ரெட் ஒக்சைட் பிறைமரை மெல்லியதாக இருமுறை பூசுங்கள். திறந்து விட்ட இரும்பில் ஓரிரவிலேயே கறள் தொடங்கும்.
3. நன்கு காய்ந்தபின் 400ஆம் இலக்க அரத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, உலரவிட்டு, நிறப் பூச்சை இரண்டு மூன்று மெல்லிய படைகளாகப் பூசுங்கள். தடிப்பாக ஒரே முறையில் பூசினால் வழியும்.

வலிய தின்னரில் கரையும் பெயின்றை எனாமல் மேல் பூசினால் பழைய பூச்சு சுருங்கிக் கிளம்பும். மறைவான இடத்தில் முதலில் சோதியுங்கள். மழை நாளில் பூச வேண்டாம். ஒக்டோபரில் மாரி தொடங்குமுன் வேலையை முடியுங்கள். ஓட்டை விழுந்த தகட்டுக்கும் சட்டத்துக்கும் பெயின்ற் தீர்வல்ல. அதற்கு ஒட்டு வேலை தெரிந்தவர் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அதன் தூள் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே பழைய பூச்சை நீர் தெளித்தே தேயுங்கள். வாயையும் மூக்கையும் மூடுங்கள். பிள்ளைகளைத் தூர வையுங்கள். தூளைக் கிணற்றருகே கொட்டாதீர்கள். அடுப்பு எரியும் இடத்தருகே தின்னரைத் திறக்காதீர்கள். குடிநீர்ப் போத்தலில் அதை ஊற்றி வைக்கவே கூடாது.

மாதம் ஒருமுறை வண்டியைச் சுற்றிவந்து பாருங்கள். நகமளவு கறளுக்குச் சிறு துண்டு அரத்தாளும் சிறிது பிறைமரும் போதும். ஒரு மாரி கழியவிட்டால் அதுவே கையளவு ஓட்டையாகும். இழந்தவை பல; எஞ்சியதைப் பேணுவது நம் கையில் உள்ளது.