விமானம் கிடைத்தது.. விமானி கிடைக்கவில்லை! 'குட்டி இளவரசன்' எழுத்தாளருக்கு கல்லறை இல்லாதது ஏன்?

1944 ஜூலை 31. இரண்டாம் உலகப்போர் நடந்து கொண்டிருந்த நேரம். மத்தியதரைக் கடலில் உள்ள கோர்சிகா தீவில் இருந்து காலையில் ஒரு விமானம் கிளம்பியது. மதியத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். வரவே இல்லை. உள்ளே இருந்தது ஒரே ஒருவர்தான்.. பிரெஞ்சு எழுத்தாளரும் விமானியுமான அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. அப்போது அவருக்கு வயது 44.

இந்தப் பெயர் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கூட 'குட்டி இளவரசன்' புத்தகம் தெரிந்திருக்கும். உலகம் முழுக்க பல மொழிகளில் வந்த அந்தக் கதை, தமிழிலும் இதே பெயரில் வெளியானது. ஆனா, அதை எழுதியவருக்கு இன்று வரை ஒரு கல்லறை கிடையாது. ஏன்?

எதற்காகப் பறந்தார்?

குண்டு போட அல்ல.. போட்டோ எடுக்க! அவர் ஓட்டியது பி-38 லைட்னிங் ரகத்தின் உளவு விமானம். அதில் துப்பாக்கி கிடையாது, கேமராக்கள் மட்டும்தான். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸ் பகுதிகளை உயரத்தில் இருந்து படம் பிடித்து வருவதுதான் வேலை. அடுத்த இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 15 அன்று, நேச நாட்டுப் படைகள் தெற்கு பிரான்சில் இறங்கின. அதற்கான தயாரிப்பில் இந்தப் படங்கள் ரொம்ப முக்கியம்.

இந்த ரக விமானத்தை ஓட்டும் வயதை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். பழைய விபத்துகளால் உடம்பிலும் பல காயங்கள். கெஞ்சிக் கேட்டு சிறப்பு அனுமதி வாங்கித்தான் பறந்தார்.

உடல் இல்லாமல் மரணம் எப்படி உறுதியாகும்?

இங்கேதான் குடும்பங்களுக்கு சிக்கல். உடல் இல்லை, சாட்சி இல்லை. ஆல்ப்ஸ் மலையில் விழுந்தாரா, கடலில் விழுந்தாரா என்றே தெரியவில்லை. முதலில் 'காணாமல் போனவர்' என்றுதான் பதிவு. போர் முடிந்து சில வருடங்கள் கழித்துத்தான், நாட்டுக்காக உயிர்நீத்தவர் என்ற அரசு அங்கீகாரம் கிடைத்தது.

வோல்டேர், விக்டர் ஹியூகோ போன்றவர்களை அடக்கம் செய்திருக்கும் பாரிஸின் பான்தியோன் மண்டபத்தில், 1967-ல் இவர் பெயரையும் பொறித்தார்கள். அவர்களுக்கு அங்கே கல்லறை. இவருக்கு எழுத்து மட்டும்.

54 வருஷம் கழித்து வந்த துப்பு

1998-ல் மார்செய் நகருக்கு அருகே கடலில் மீன் பிடித்த ஒருவரின் வலையில், கறுத்துப்போன வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று சிக்கியது. தேய்த்துப் பார்த்தால்.. செந்த்-எக்சுபெரியின் பெயர், மனைவி கான்சுவேலோவின் பெயர், அமெரிக்கப் பதிப்பகத்தின் பெயர்!

முதலில் பலர் நம்பவில்லை. போலி என்றே பேச்சு எழுந்தது. 2000-ல் கடலில் மூழ்கித் தேடுபவர் ஒருவர் அதே பகுதியில் விமானத்தின் சிதைந்த பாகங்களைக் கண்டுபிடித்தார். 2003-ல் சில பாகங்களை மேலே கொண்டு வந்தார்கள். ஒரு பாகத்தில் இருந்த தயாரிப்பு எண், அது அவர் ஓட்டிய விமானம்தான் என்று காட்டிக் கொடுத்தது. 2004-ல் இது அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது.

அப்போ விழுந்தது எப்படி? 2008-ல் முன்னாள் ஜெர்மன் விமானி ஒருவர், தான்தான் சுட்டு வீழ்த்தியதாகச் சொன்னார். ஆனா அதை நிரூபிக்கும் ஆவணம் இல்லை. இயந்திரக் கோளாறா, ஆக்சிஜன் பிரச்சனையா, சுடப்பட்டதா.. இன்னும் விடை இல்லை.

இவர் ஒருவர் மட்டும்தானா?

இல்லை. தரையில் சண்டையிட்டு விழுந்த வீரரை, பக்கத்தில் இருப்பவர் பார்த்திருப்பார். விமானி விழுவதோ கடலில், காட்டில், எதிரி மண்ணில். பல நேரம் தீயில். அதனால்தான் விமானப்படையில் கல்லறை இல்லாதவர்கள் அதிகம்.

இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்தில் 20,000-க்கும் அதிகமான விமானப்படையினரின் பெயர்கள் உள்ளன. யாருக்கும் கல்லறை கிடையாது. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தின் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். தெற்கு, கிழக்கு ஆசிய வானில் காணாமல் போன காமன்வெல்த் விமானிகளும் அதில் இருக்கிறார்கள். அந்தக் கட்டிடத்தின் கூரையே விமான இறக்கை வடிவம்தான்.

பூ வைக்க ஒரு இடம் வேண்டும் என்பதுதான் இந்தச் சுவர்களின் நோக்கம். உடல் வராத வீட்டுக்கு, விரலால் தொட்டுப் பார்க்க ஒரு பெயராவது மிஞ்சும்.

விடை வந்தபோது கேட்க ஆள் இல்லை

செந்த்-எக்சுபெரியின் அம்மா 1972-ல் காலமானார். மனைவி கான்சுவேலோ 1979-ல். மகன் எங்கே விழுந்தான், கணவர் எங்கே போனார் என்பது தெரியாமலேயே இருவரும் போய்விட்டார்கள். தன் பெயர் பொறித்த அந்தக் கைச்சங்கிலி வலையில் ஏறியதை கான்சுவேலோ பார்க்கவில்லை.

விமானத்தின் மிச்சம் இப்போது பாரிஸ் அருகே உள்ள விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பான்தியோன் சுவரோ, அவர் 1944 ஜூலை 31 அன்று உளவுப் பயணத்தில் காணாமல் போனார் என்றே சொல்கிறது. விமானம் கிடைத்த பிறகும் அந்த வரி மாறவில்லை. மாற்ற வேண்டியதும் இல்லை.. அவர் இன்னும் கிடைக்கவில்லையே!