கேஸ் கிரில் வாங்கப் போறீங்களா? பினாங்கு உப்புக்காற்றில் விலையைக் கணக்குப் போடுவது எப்படி?

ஒரு கிரில் 699 ரிங்கிட். இன்னொன்று 2,499 ரிங்கிட். இணையக் கடையில் இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டிலும் மூன்று பர்னர், ஒரு மூடி, மூடியில் வெப்பமானி, கீழே சக்கரம். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்ற வார்த்தையும் இரண்டிலும் இருக்கும். அப்படியானால் அந்த 1,800 ரிங்கிட் எதற்கு?

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கோ, வருடக் கடைசி பார்பிக்யூவுக்கோ முதல் கேஸ் கிரில் வாங்க நினைக்கிறவர்கள் எல்லாருக்கும் வரும் கேள்வி இது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விஷயங்களில் இதற்குப் பதில் கிடைக்காது. எது முதலில் துருப்பிடிக்கும், துருப்பிடித்த பிறகு மாற்றுப் பாகம் கிடைக்குமா, கேஸ் இணைப்பு பாதுகாப்பானதா என்ற மூன்றில்தான் பதில் இருக்கிறது. கடலைச் சுற்றி வைத்துக்கொண்டிருக்கும் பினாங்குத் தீவில் முதல் கேள்விக்கே கொஞ்சம் அதிக எடை கொடுக்க வேண்டியிருக்கிறது.

எரிவாயுச் செலவு எவ்வளவு வரும்?

முதலில் இதை ஓரமாக வைத்துவிடலாம். தீபகற்ப மலேசியாவில் வீட்டு உபயோகத்துக்கான 14 கிலோ கேஸ் தோம்பின் கட்டுப்படுத்தப்பட்ட விலை 26 ரிங்கிட் 60 சென், அதாவது கிலோவுக்கு 1 ரிங்கிட் 90 சென். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலி தனி.

சாதாரண மூன்று பர்னர் கிரில் ஒன்றின் மொத்த சக்தி 30,000 பி.டி.யு. என்று வைத்துக்கொள்வோம். அது கிட்டத்தட்ட 9 கிலோவாட். எல்லா பர்னரையும் முழு வேகத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 0.7 கிலோ கேஸ் எரியும். ஒரு தோம்பு 20 மணி நேரம் வரும். மணிக்கு ஒன்றரை ரிங்கிட்கூட ஆகாது. கரி வாங்குகிற காசைவிடக் குறைவு.

அதனால் ‘கேஸ் மிச்சம் பண்ணும் கிரில்’ என்று யாராவது சொன்னால், அதற்காக நூறு ரிங்கிட் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் செலவழிக்கப் போவது இயந்திரத்துக்குத்தான். (ஒரு குறிப்பு: இந்த மானிய விலை வீட்டுச் சமையலுக்கானது. கிரில் வைத்து வார இறுதியில் சாத்தே விற்கலாம் என்று யோசனை இருந்தால், வியாபாரத்துக்கு என்ன விதி என்று உள்நாட்டு வாணிபம் மற்றும் வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

பி.டி.யு. அதிகம் என்றால் நல்ல கிரில்லா?

இல்லை. பி.டி.யு. என்பது கிரில் எவ்வளவு கேஸைக் குடிக்கும் என்பதன் அளவு. சூட்டை எவ்வளவு தக்கவைக்கும் என்று அது சொல்லாது.

9 கிலோவாட் கிரில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் கம்பித் தட்டு 60-க்கு 45 சென்டிமீட்டர். மற்றொன்று 80-க்கு 50. முதலாவதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.3 வாட் கிடைக்கிறது. இரண்டாவதில் 2.25 வாட்தான். பெரிசாக இருக்கிறதே என்று இரண்டாவதை வாங்கினால், கோழித் துண்டு வறுபடுவதற்குப் பதிலாக மெதுவாக வேகும். மூடி மெல்லிய தகடாக இருந்தால் இன்னும் மோசம், திறக்கிற ஒவ்வொரு தடவையும் சூடு போய்விடும். கடையில் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அதன் கனமும், மூடும்போது இடுக்கில்லாமல் உட்காருகிறதா என்பதும் பெட்டியில் அச்சடித்த எண்ணைவிட அதிகம் சொல்லும்.

‘கேஸில் சுட்டால் கரி வாசனை வராதே’ என்று வீட்டில் யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். பாதி உண்மை. கேஸுக்கென்று வாசனை கிடையாது. ஆனால் சுட்ட வாசனையில் பெரும்பகுதி, இறைச்சியிலிருந்து சொட்டுகிற கொழுப்பும் மசாலாவும் சூடான தகட்டில் விழுந்து புகைவதால் வருவது. பர்னருக்கு மேலே கூரை மாதிரி வைத்திருக்கும் தகடுகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. அதே தகடுகள் பர்னர் ஓட்டைகளில் எண்ணெய் இறங்காமல் காக்கவும் செய்கின்றன. சம்பல் தடவி வாழையிலையில் சுற்றிச் சுடும் மீனுக்குக் கேஸே போதும். சாத்தேக்கு மட்டும் கரிதான் என் ஓட்டு.

‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ ஏன் துருப்பிடிக்கிறது?

விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறல் விழுந்தாலும் தானாக மூடிக்கொள்ளும். அதுதான் ‘ஸ்டெயின்லெஸ்’. ஆனால் கடற்காற்றில் வரும் உப்பின் குளோரைடு இந்தப் படலத்தை ஊசி முனை அளவில் துளைக்கும். அங்கிருந்து குழி விழ ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் மூடிவைத்த கிரில்லில் பழைய உணவின் உப்பும் ஈரமும் சேர்ந்து இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். பத்து பெரிங்கியிலோ தஞ்சோங் தோக்கோங்கிலோ கடலைப் பார்த்த வீடு என்றால், ஆயர் ஈத்தாமில் இருக்கும் நண்பருக்குத் தாங்குகிற கிரில் உங்களுக்குத் தாங்கும் என்று நம்பாதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் ஒரே வகை இல்லை. 304 என்ற தரத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 430-இல் குரோமியம் உண்டு, நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது. அதனால் விலை குறைவு, துரு எதிர்ப்பும் குறைவு. 201-இல் நிக்கலின் பெரும்பகுதிக்குப் பதில் மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். படகுச் சாமான்களுக்குப் பயன்படும் 316-இல் மாலிப்டினமும் சேர்ந்திருக்கும், வீட்டுக் கிரில்லுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை.

காந்தத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கச் சொல்வார்கள். இதைப் பாதி நம்பலாம். காந்தம் பலமாக ஒட்டினால் அது 304 இல்லை, பெரும்பாலும் 430 வகை. ஒட்டவில்லை என்றால் 304-தான் என்று அர்த்தமில்லை, 201-உம் ஒட்டாது. எந்தப் பாகம் எந்தத் தரம் என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். ஷோப்பி, லசாடா மாதிரி தளங்களில் வாங்கினால் உரையாடலிலேயே கேட்டு, பதிலைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பாகமும் உயர் தரத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பளபளக்கும் மூடியும் பக்க அலமாரியும் பார்க்கத்தான். காசு போட வேண்டிய இடங்கள் பர்னர் குழாய், அதற்கு மேலுள்ள தகடு, கம்பித் தட்டு, இவற்றைத் தாங்கும் உள்பெட்டி. உள்பெட்டி வார்ப்பு அலுமினியமாக இருந்தால் நல்லது, இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. தட்டு வார்ப்பிரும்பாக இருந்தால் சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும், ஆனால் மேல்பூச்சு உதிர்ந்துவிட்டால் தோசைக்கல்லைப் போல எண்ணெய் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குத் தடிமனான 304 கம்பியே மேல்.

சரி, எது லாபம்?

ஒரு கற்பனைக் கணக்கு. 600 ரிங்கிட் கிரில் இரண்டு வருடம் ஓடுகிறது. 2,400 ரிங்கிட் கிரில் எட்டு வருடம் ஓடுகிறது. இரண்டுமே வருடத்துக்கு 300 ரிங்கிட்தான். அதாவது நான்கு மடங்கு விலை கொடுத்தால், நான்கு மடங்கு காலம் ஓடினால்தான் சமம். எட்டு வருடம் ஓட வேண்டுமென்றால் நடுவில் பர்னரையோ தகட்டையோ ஒரு தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பாகம் மலேசியாவில் கிடைக்காவிட்டால் விலை உயர்ந்த கிரில்லும் இரும்புக்கடைக்குத்தான் போகும்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: அந்த மாடலுக்கான பர்னர் குழாய் இன்றைக்கு இங்கே விற்பனைக்கு இருக்கிறதா, என்ன விலை என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் கூடுதல் விலைக்கு அர்த்தம் உண்டு. கிடைக்காவிட்டால் மலிவானதையே வாங்கலாம்.

வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், இரண்டு வருடத்தில் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போகிற வாய்ப்பு உண்டு என்றால் 2,400 ரிங்கிட் வேண்டாம். வருடத்துக்கு ஆறு தடவைதான் சுடுவீர்கள் என்றாலும் அப்படித்தான், மேலே போட்ட கணக்குப்படி ஒரு தடவைக்கு 50 ரிங்கிட் ஆகிறது. வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதில் மட்டும் காசைக் குறைக்கக் கூடாது?

ரெகுலேட்டரிலும் ஹோஸிலும். கிரில்லின் மொத்த விலையில் இவை சின்னத் தொகை. ஆனால் தவறினால் வீடே ஆபத்தில்.

வெளிநாட்டுச் சந்தைக்காகத் தயாரித்த கிரில்லோடு வரும் ரெகுலேட்டர் பல நேரம் திருகு வகை, நம் வீட்டுத் தோம்பின் வாய்க்குப் பொருந்தாது. இடையில் ஒரு ‘அடாப்டர்’ போட்டுச் சமாளிக்கச் சொல்வார்கள். வேண்டாம். கிரில்லின் பின்பக்கம் உள்ள தகட்டில் எந்த எரிவாயு, எவ்வளவு அழுத்தம் என்று எழுதியிருக்கும். அது எல்.பி.ஜி.-க்கானதா, இயற்கை எரிவாயுவுக்கானதா என்று பாருங்கள். இரண்டுக்கும் துளை அளவு வேறு. வீட்டு ரெகுலேட்டர் தருவது குறைந்த அழுத்தம், சுமார் 30 மில்லிபார். அங்காடிக் கடைகளின் பெரிய அடுப்புக்கான உயர் அழுத்த ரெகுலேட்டரும் அதே கடையில், அதே அலமாரியில் தொங்கும். மாற்றி எடுத்துவிட்டால் தீ பர்னரோடு நிற்காது.

நம் நாட்டில் எரிவாயுச் சாதனங்களைக் கண்காணிப்பது எரிசக்தி ஆணையம், 1993-ஆம் ஆண்டு எரிவாயு விநியோகச் சட்டத்தின் கீழ். ரெகுலேட்டரிலும் ஹோஸிலும் சிரிம் சான்றிதழ் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஹோஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் ரெகுலேட்டரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றிவிடுவது நல்லது.

இணைத்து முடித்ததும், பர்னரைப் பற்றவைக்காமல் தோம்பை மட்டும் திறந்து, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி பெரிதானால் கசிவு. தீக்குச்சியால் சோதிக்கவே கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படர்ந்து, கால்வாய்க்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் தேங்கும். அடைத்த பால்கனியில் கேஸ் கிரில் வேண்டாம் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு காரணம். அடுக்குமாடி வீடு என்றால் நிர்வாகக் குழுவிடம் முதலில் கேளுங்கள். பால்கனியில் நெருப்பே கூடாது என்று பதில் வந்தால், அந்தக் காசுக்கு நல்ல மின்சாரக் கிரில் கிடைக்கும்.

வாங்கிய பிறகு பிரச்சினை வந்தால்?

இந்த விஷயத்தில் பினாங்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், தமிழ் உட்பட பல மொழிகளில் புகார்களைக் கேட்டும் எழுதியும் வந்திருக்கிறது. மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அதன் நீண்டகாலத் தலைவர். அங்கிருந்து வந்த அன்வார் ஃபசால் 1978 முதல் 1984 வரை உலகப் பயனீட்டாளர் அமைப்பின் தலைவராக இருந்தார். மார்ச் 15-ஐ உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாக 1983 முதல் கடைப்பிடிப்பது அவருடைய யோசனை.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, பொருள் ஏற்கத்தக்க தரத்தில், பாதுகாப்பாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ‘ஏற்கத்தக்கது’ எது என்று முடிவு செய்யும்போது விலையும் பார்க்கப்படும். 699 ரிங்கிட் கிரில்லிடம் எட்டு வருட ஆயுளை எதிர்பார்க்க முடியாது. ஆனால் எந்த விலையிலும் கேஸ் கசியக் கூடாது. நியாயமான காலத்துக்கு உதிரிப் பாகமும் பழுதுபார்க்கும் வசதியும் இருக்க வேண்டும் என்கிறது 37-ஆவது பிரிவு, அந்த வசதி கிடையாது என்று முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருந்தால் தவிர.

கடை கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், கட்டணம் 5 ரிங்கிட். வக்கீல் தேவையில்லை, பிரச்சினை எழுந்து மூன்று வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். விற்றவர் மலேசியாவில் முகவரி உள்ளவராக இருந்தால்தான் இதெல்லாம் சுலபம். இணையத்தில் 200 ரிங்கிட் குறைவாகக் கிடைக்கும் கிரில்லை வாங்குவதற்கு முன் விற்பனையாளர் எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள்.

மனுவோடு ரசீது கேட்பார்கள். கடை ரசீது பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சடித்தது, ஒரு வருடத்தில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றைக்கே அதையும் கிரில்லின் பின்தகட்டையும் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.