மிக்சரை அளக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

எஃப்.எம். ரேடியோவில் 100 மெகாஹெர்ட்ஸ் நிலையத்தைப் பிடிக்கிறோம் என்று வையுங்கள். உள்ளே உள்ள மிக்சர், வரும் அலையை (ஆர்.எஃப்.) 110.7 மெகாஹெர்ட்ஸில் ஓடும் லோக்கல் ஆஸிலேட்டரோடு சேர்த்து 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு (ஐ.எஃப்.) இறக்கிவிடுகிறது. கூடவே 210.7-லும் ஓர் அலை பிறக்கும். அதை ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்.

இப்படி அதிர்வெண் மாறுவதுதான் நெட்வொர்க் அனலைசருக்குத் தலைவலி. எந்த அதிர்வெண்ணை அனுப்புகிறதோ, அதே அதிர்வெண்ணில்தான் மறுமுனையில் கேட்பது அதன் வழக்கம். மிக்சரை அப்படியே மாட்டி எஸ்21 பார்த்தால், மாறாமல் ஊடே கசிந்த ஆர்.எஃப். மட்டுமே தெரியும். அது ஐசொலேஷன் கணக்குக்கு உதவும், கன்வெர்ஷன் லாஸுக்கு, அதாவது அதிர்வெண் மாறும்போது இழக்கும் சக்திக்கு, உதவாது. 100-இல் அனுப்பி 10.7-இல் கேட்கும் ஆஃப்செட் வசதி வேண்டும். மலிவு விலைக் கையடக்க அனலைசர்களில் பெரும்பாலும் இது கிடையாது.

காலிபரேஷனும் மாறும். இரு முனைகளும் வெவ்வேறு அதிர்வெண்ணில் இருப்பதால், கேபிளை நேராக இணைத்துச் செய்யும் 'த்ரூ' மட்டும் போதாது. அனுப்பும் சக்தியையும் கேட்கும் ரிசீவரையும் பவர் மீட்டரை ஆதாரமாக வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு -10 டி.பி.எம். கொடுத்து -16 வந்தால், லாஸ் 6 டெசிபல். டயோடு மிக்சருக்கு இது நல்ல எண்தான். பாதிச் சக்தி, அதாவது 3 டெசிபல், வேண்டாத அந்த 210.7-க்கே போய்விடுகிறது.

ஆஸிலேட்டருக்குத் தனி ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், அதை அனலைசரோடு இணைக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் கேபிளை மறந்தால் வீண் அலைச்சல்தான். இரு கருவிகளின் கடிகாரமும் பத்து லட்சத்துக்குப் பத்து பங்கு விலகினாலே, 110.7 மெகாஹெர்ட்ஸில் அது 1,107 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ரிசீவரின் பேண்ட்வித்தை 100 ஹெர்ட்ஸுக்குக் குறுக்கி வைத்திருந்தால், சிக்னல் அதற்கு வெளியே போய் விழும். திரையில் லாஸ் எக்கச்சக்கமாக ஏறிக் காட்டும். பாவம், பழி மிக்சர் மேல் விழும்.

திரையில் கோடு அலை அலையாக வந்தால் பொருத்தக் குறைவைச் சந்தேகியுங்கள். மிக்சரின் போர்ட்டுகள் அத்தனை ஒழுங்கானவை அல்ல. மிக்சர் பக்கமும் எதிர்ப்பக்கமும் ரிட்டர்ன் லாஸ் 10 டெசிபல் என்றால், அளவு கிட்டத்தட்ட 0.9 டெசிபல் வரை மேலும் கீழும் ஆடும். நடுவே 6 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒன்றை மாட்டினால் ஆட்டம் 0.2-க்கு அருகே அடங்கும். அதன் 6 டெசிபலைக் கணக்கில் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஐ.எஃப். போர்ட்டில் இந்த அட்டெனுவேட்டரைத் தவிர்க்கவே கூடாது என்பேன்.

ஆஸிலேட்டர் கசிவையும் லேசாக எண்ணாதீர்கள். +7 டி.பி.எம். கொடுத்து, ஐசொலேஷன் 25 டெசிபல் என்றால் -18 டி.பி.எம். வெளியே வரும். நாம் தேடும் சிக்னல் -26 என்றால் கசிவுதான் பலம். ரிசீவர் முன்னால் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போட்டுவிடலாம்.

கம்ப்ரெஷன் பார்க்க, ஆர்.எஃப். சக்தியை மெல்ல ஏற்றி, லாஸ் 1 டெசிபல் கூடும் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

இத்தனை செய்தும் ஒன்றை விட்டால் முடிவு செல்லாது. +7-க்கென வடிவமைத்த மிக்சருக்கு +3 கொடுத்தால் லாஸ் கூடும். ஆகவே குறிப்பேட்டில் லாஸ் எண்ணை எழுதும்போது, ஆஸிலேட்டர் சக்தி எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.