ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கலாம்

அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியை நான். ஐஐடி கனவுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்: பயிற்சி மையம் பிறகு; முதலில் அடிப்படை.

ஐஐடிக்கான முதல் கட்ட நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் 3 மணி நேரத்தில் 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண்; தவறினால் 1 மதிப்பெண் கழியும். வெறும் மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. அதனால் ஒரே முக்கோணக் கணக்கை இரண்டு வழிகளில் போடச் சொல்வேன். இரண்டாவது வழியைத் தேடும்போதுதான் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அடுத்த கட்டமான ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ஆகவே தமிழ்வழி மாணவர்கள் தினமும் சில கணக்குகளை ஆங்கிலத்திலும் வாசித்துப் பழகட்டும்.

பெற்றோரே, பிள்ளைகளின் தூக்கத்தையும் விளையாட்டையும் பறிக்காதீர்கள். முன்கூட்டியே தொடங்குவது நிதானமாகப் படிக்கத்தான்.