ரத்தத்தைச் சலிக்கும் சவ்வு

டயாலிசிஸ் எந்திரத்தின் பக்கவாட்டில், ஏறக்குறைய ஓர் அடி நீளத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழல் ஒன்று செங்குத்தாக மாட்டப்பட்டிருக்கும். இதற்கு டயாலைசர் என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளை நூல்கற்றையை உள்ளே திணித்து வைத்ததுபோல் தெரியும். அந்த நூல் ஒவ்வொன்றும் நடுவில் துளையுள்ள இழை. துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு டயாலைசரில் இப்படி ஏறத்தாழ பத்தாயிரம் இழைகள் இருக்கும். அவற்றின் உட்சுவர் முழுவதையும் விரித்துப் போட்டால் ஒருவர் படுத்துறங்கும் பாயின் பரப்பு வரும். செயலிழந்த சிறுநீரகத்தின் வேலையைச் செய்வது இந்தச் சுவர்தான். எந்திரத்தின் மற்ற பாகங்களெல்லாம் ரத்தத்தையும் நீரையும் இந்தச் சவ்வுக்குக் கொண்டுவரவும் கண்காணிக்கவும் உள்ளவை.

போடிநாயக்கனூர் கிட்டங்கிகளில் ஏலக்காயை 6, 7, 8 மில்லிமீட்டர் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சவ்வின் வேலை பாதி புரிந்துவிடும். சிறியது விழும், பெரியது தங்கும். யூரியா மூலக்கூறின் எடை 60, கிரியாட்டினினின் எடை 113. இவை நுண்துளை வழியே வெளியேறும். 66 ஆயிரத்துக்கு மேல் எடையுள்ள ஆல்புமின் புரதமும் ரத்த அணுக்களும் உள்ளேயே நிற்கும். மீதிப் பாதிக்குச் சல்லடை உதவாது. ஏலக்காய் தன் எடையால் விழுகிறது. யூரியாவோ செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானே பரவுகிறது. அதனால்தான் இழைக்குள் ரத்தம் ஒரு திசையிலும், வெளியே உப்புக் கரைசல் எதிர்த் திசையிலும் ஓடுகின்றன. சவ்வின் இரு பக்கமும் செறிவு சமமாகிவிட்டால் சுத்திகரிப்பு நின்றுபோகும். எதிரோட்டம் அந்த வேறுபாட்டைக் கடைசிவரை காக்கிறது. உடலில் தேங்கிய நீரை வெளியேற்றுவது மட்டும் அழுத்த வேறுபாட்டின் வேலை.

டயாலிசிஸ் என்ற சொல்லை 1861இல் வழங்கியவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். அவர் பயன்படுத்திய சவ்வு தாவரப் பொருளாலான காகிதத்தோல். 1913இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேக்கப் ஏபலும் அவருடைய குழுவினரும் கொலோடியன் என்னும் படலப் பொருளாலான குழாய்களில் விலங்குகளின் ரத்தத்தை ஓடவிட்டனர். ரத்தம் உறையாமலிருக்க அட்டைப்பூச்சியிலிருந்து எடுத்த ஹிருடின் தேவைப்பட்டது. கொலோடியன் எளிதில் கிழியக்கூடியது. ஒரே சீராகச் செய்வதும் கடினம்.

திருப்பம் வந்தது தொத்திறைச்சிக் கடையிலிருந்து. இறைச்சியை அடைக்கும் செல்லோஃபேன் உறை சீராகவும் வலுவாகவும் மலிவாகவும் கிடைத்தது. நாஜிப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் கம்பென் நகரில், 1943இல் இளம் மருத்துவர் வில்லம் கோல்ஃப் அந்த உறையைப் பல மீட்டர் நீளத்துக்கு மரச்சட்டப் பீப்பாயில் சுற்றி, உப்புக் கரைசல் தொட்டியில் சுழலவிட்டார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். 1945 செப்டம்பரில், நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண் ஒருவர் கண்விழித்துப் பேசினார். ஒரு சவ்வு மனித உயிரைக் காக்கும் என்பது அன்று உறுதியானது. இந்தியாவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1960களின் தொடக்கத்தில் டயாலிசிஸைத் தொடங்கியது.

பின்னர் பல்லாண்டுகள் கோலோச்சியது குப்ரோஃபேன். தாமிரமும் அம்மோனியாவும் கலந்த கரைசலில் செல்லுலோஸைக் கரைத்து மீண்டும் படலமாக்கிய சவ்வு இது. 1960களில் அமெரிக்காவில் உள்துளை இழை உருவானதும், தகடு, சுருள் வடிவ டயாலைசர்கள் மெல்ல மெல்ல ஒதுங்கின. கையடக்கக் குழலுக்குள் பெரும்பரப்பு அடங்கியது. ஆனால் பொருள் இன்னும் செல்லுலோஸ்தான். அதிலிருந்து இரண்டு தொல்லைகள் கிளம்பின.

முதலாவது, ரத்தம் அதை அந்நியனாகக் கண்டது. சிகிச்சை தொடங்கிய சில நிமிடங்களில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. செல்லுலோஸ் சவ்வு உடலின் எதிர்ப்புப் புரதங்களைத் தூண்டிவிட, வெள்ளணுக்கள் நுரையீரல் நாளங்களில் போய் ஒட்டிக்கொண்டன என்பதை 1977இல் வெளியான ஆய்வுகள் விளக்கின. இரண்டாவது தொல்லை மெதுவாகத் தலைகாட்டியது. பல்லாண்டுகள் டயாலிசிஸில் இருந்தவர்களின் மணிக்கட்டு வலித்தது, விரல்கள் மரத்தன, மூட்டுகள் இறுகின. அங்கே படிந்திருந்தது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று 1985இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன் எடை 11,800. குப்ரோஃபேனின் துளைக்கு அது பெரிது.

இந்த இரண்டுக்கும் விடையாக வந்தவைதான் செயற்கைப் பாலிமர்கள். பிரான்சின் பாலிஅக்ரிலோநைட்ரைல், ஜப்பானின் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் (பிஎம்எம்ஏ), 1980களில் ஜெர்மனியிலிருந்து பரவிய பாலிசல்ஃபோன் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இன்று முன்னிற்பது பாலிசல்ஃபோன் குடும்பமே. அதற்குக் காரணம் அது உருவாகும் விதம். கரைப்பானில் கரைத்த பாலிமரை, இடியாப்ப அச்சில் மாவு பிழிவதுபோல் வளையத் துளை வழியே பிழிகிறார்கள். நடுவில் துளை விழுவதற்காக ஒரு திரவத்தை உடன் செலுத்துகிறார்கள். இழை நீர்த்தொட்டியில் இறங்கியதும் கரைப்பான் விலக, பாலிமர் இறுகுகிறது. ரத்தம் தொடும் உட்பக்கம் மெல்லிய தோலாகவும், வெளிப்பக்கம் பஞ்சுபோன்ற தாங்குசுவராகவும் அமைகின்றன. வடிகட்டுவது அந்தத் தோல் மட்டுமே. பாலிசல்ஃபோன் தன்னியல்பில் நீரை வெறுப்பது. புரதம் ஒட்டி அடைத்துக்கொள்ளும். அதனால் நீரை விரும்பும் பாலிவினைல்பைரோலிடோன் அதில் கலக்கப்படுகிறது. ஆல்புமினை இழக்காமல் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினை வெளியேற்றும் அளவுக்குத் துளையைப் பெரிதாக்குவதே கைத்திறன். மும்பை, கரக்பூர் ஐஐடிகளில் இந்த இழைகளை இந்தியாவிலேயே நூற்க ஆய்வுகள் நடந்துள்ளன.

துளை பெரிதானதும் புதிய கவலை ஒன்றும் வந்தது. எதிர்ப்பக்கக் கரைசலிலிருந்து பாக்டீரியா நச்சு ரத்தத்துக்குள் திரும்பி வரக்கூடும். நான்கு மணி நேரச் சிகிச்சைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் கரைசல் வேண்டும். அதற்கான நீரைச் சுத்திகரிப்பதும் ஆர்ஓ கருவியிலுள்ள மற்றொரு செயற்கைச் சவ்வுதான். நம் நாட்டில் பல இடங்களில் ஒரே நோயாளிக்கு அவருடைய டயாலைசரையே கழுவிக் கிருமிநீக்கிப் பலமுறை பயன்படுத்துகிறார்கள். இழைகளின் கொள்ளளவு முதலில் இருந்ததில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அதைக் கழித்துவிட வேண்டும் என்பது நெறி. செலவைக் காட்டி இந்த அளவீட்டைத் தவிர்ப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

சவ்வு எவ்வளவு மேம்பட்டாலும் ஆள் அதனிடம் வந்தாக வேண்டும். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருப்பவர் போடிப் பக்கம் சிகிச்சைக்கு வர, 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் கூலியை விட வேண்டும். சிகிச்சை முடிந்த களைப்போடு அதே வளைவுகளில் ஏறவும் வேண்டும். இப்படிப்பட்டவர்களில் உடல்நிலை பொருந்துவோருக்கு வயிற்றறைச் சவ்வையே பயன்படுத்தும் டயாலிசிஸ் உண்டு. வயிற்றில் நிரந்தரமாகப் பொருத்திய குழாய் வழியே, பெரும்பாலும் இரண்டு லிட்டர் கரைசலை ஏற்றி, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதியதை ஏற்றுவார்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தக் கரைசல் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடும் உண்டு. பையைத் தொங்கவிட ஓர் ஆணியும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ நல்ல நீரும், தூசி படாத ஒரு மூலையும் தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டில் வேண்டும்.