வெயில் தாங்கும் ஜன்னல்

"மொட்டைமாடியில் வைத்த பிளாஸ்டிக் வாளி, ஒன்றிரண்டு கோடையிலேயே வெளுத்து, பிடித்துத் தூக்கினால் உடைந்துவிடுகிறது. அப்பா புது வீட்டுக்கு பிளாஸ்டிக் ஜன்னல் போடலாம் என்கிறார். அது எப்படித் தாங்கும்?"

இப்படி ஒரு கேள்வி கேட்ட உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், கண்ணு! வீடு கட்டும் பெரியவர்கள் பலர் ஜன்னலின் நிறத்தையும் விலையையும் மட்டும் விசாரிப்பார்கள். நீ வெயிலை நினைத்திருக்கிறாய். சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாய். வா, பேசுவோம்.

முதலில், அந்த வாளியும் இந்த ஜன்னலும் ஒரே பொருள் இல்லை. வாளியைப் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் போன்றவற்றால் செய்வார்கள். ஜன்னல் சட்டம் யு.பி.வி.சி., அதாவது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கின் ஒரு வகை. உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அநேகமாக அதே குடும்பம்தான்.

இந்த பி.வி.சி.யின் எடையில் பாதிக்கும் மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். குளோரின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? உப்பிலிருந்து. தூத்துக்குடி உப்பளங்களில் குவித்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரி உப்பு சமையலறைக்கு மட்டும் போவதில்லை. ரசாயன ஆலைகளுக்கும் போகிறது. அங்கே உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரின் பிரிந்து வரும். மீதிப் பங்கு எத்திலீன். அது பெட்ரோலியத்திலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ கிடைக்கிறது. நம் மேட்டூரிலும் கடலூரிலும்கூட பி.வி.சி. தயாரிக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1872-இல் ஜெர்மனியில் ஒய்கன் பௌமன் என்ற வேதியியலாளர், வினைல் குளோரைடு என்ற வாயு அடைத்த கண்ணாடிக் குடுவையை வெயிலில் வைத்திருந்தார். உள்ளே வெள்ளையாக ஒரு திடப்பொருள் படிந்தது. அதுதான் பி.வி.சி. ஆக, வெயிலில் பிறந்த பொருள் இது. அதற்கு எதிரியும் அதே வெயில்தான்! எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

பி.வி.சி.யின் மூலக்கூறுகள் நீள நீளமான சங்கிலிகள். ஆறிப்போன இடியாப்பத்தை நினைத்துக்கொள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கெட்டியாகிவிடும். தேங்காய்ப்பால் ஊற்றினால்? இழைகள் வழுக்கிக்கொண்டு பிரியும், மெத்தென்று ஆகும். 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்பவர் பி.வி.சி.க்கு இப்படி ஒரு தேங்காய்ப்பாலைக் கண்டுபிடித்தார். பிளாஸ்டிசைசர் என்று பெயர். அதைக் கலந்தால் பி.வி.சி. வளையும். மழைக்கோட்டு, மின்கம்பியின் உறை, ரெக்ஸின் எல்லாம் அப்படி வந்தவை. அதைக் கலக்காமல் கெட்டியாகவே விட்டால் யு.பி.வி.சி. புரிகிறதா? புரியாவிட்டால், நாளைக் காலை இடியாப்பம் கேட்டு வாங்கிச் சோதித்துப் பார்!

இப்போது வெயிலுக்கு வருவோம். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவை பி.வி.சி. சங்கிலியைத் தாக்கும்போது, குளோரின் பக்கத்திலுள்ள ஹைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. சங்கிலியின் அமைப்பு மாறுகிறது. ஜன்னல் முதலில் மஞ்சளாகும். பிறகு நொறுங்கும் குணம் வரும்.

அதைத் தடுக்க டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியைக் கலக்கிறார்கள். புற ஊதாக் கதிரை அது தானே வாங்கிக்கொள்ளும். சங்கிலிவரை போக விடாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணல் உண்டு. அதிலுள்ள இல்மனைட் என்ற தாதுவிலிருந்து இந்தப் பொடியை எடுக்க முடியும். கறுப்பு மணலுக்குள் இவ்வளவு வெள்ளைப் பொருள்!

சிக்கல் இங்கேதான். டைட்டானியம் பொடி விலை அதிகம். சுண்ணாம்புக்கல் பொடி விலை குறைவு. ஓரளவு சுண்ணாம்புக்கல் பொடி எல்லா ஜன்னலிலும் உண்டு, அது தவறில்லை. ஆனால் ஒன்றைக் குறைத்து மற்றதை அள்ளிக் கொட்டினாலும் ஜன்னல் வெள்ளையாகத்தான் இருக்கும். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சில கோடைகள் போன பிறகுதான் குட்டு வெளிப்படும்.

அப்படியானால் என்ன செய்வது? கேள்வி கேட்க வேண்டும். ஐரோப்பியத் தரவிதி ஒன்று ஊர்களை மிதமான வெயில், கடும் வெயில் என்று இரண்டாகப் பிரிக்கிறது. மிக வெப்பமான மாதத்தின் சராசரி 22 டிகிரியைத் தொட்டாலே கடும் வெயில் ஊர். சென்னையில் மார்கழி மாதச் சராசரியே அதைத் தாண்டிவிடும்! ஆகவே "இந்தச் சட்டம் கடும் வெயிலுக்கென்று செய்ததா? சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று அப்பாவைக் கேட்கச் சொல். ஈயம் கலக்காததா என்றும் கேட்கலாம். சூட்டில் கெடாமலிருக்க முன்பு ஈயச் சேர்மங்களைச் சேர்த்தார்கள். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் 2015-க்குள் அதைக் கைவிட்டார்கள். கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

கடைக்கு நீயும் போவாய் அல்லவா? பள்ளி ஸ்கேலும் ஒரு நல்ல காந்தமும் எடுத்துக்கொள்.

சட்டத்தை வெட்டிய துண்டு ஒன்றைக் காட்டச் சொல். உள்ளே சின்னச் சின்ன அறைகள் தெரியும். அவற்றில் அடைபட்ட காற்று, வெயில் சூட்டை உள்ளே விடாமல் தடுக்கும். பி.வி.சி.யே சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அலுமினியம் அதைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வேகமாகக் கடத்தும். வெளிச் சுவரின் தடிமனை ஸ்கேலால் அளந்து பார். இரண்டரை மில்லிமீட்டராவது வேண்டும். 2.8 இருந்தால் இன்னும் நல்லது.

காந்தம் எதற்கு? எஃகு, பி.வி.சி.யைவிடச் சுமார் 70 மடங்கு விறைப்பானது. அதனால் பெரிய ஜன்னல் சட்டத்துக்குள் துத்தநாகம் பூசிய எஃகுப் பட்டை செருகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புயல் காற்றில் சட்டம் வளையும். செய்து வைத்த ஜன்னலின் மேல் காந்தத்தை நகர்த்திக்கொண்டே போ. உள்ளே எஃகு இருந்தால் இழுப்பது கையில் தெரியும். கடைக்காரர் முகத்தையும் அப்போது கொஞ்சம் கவனி!

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீட்டர் யு.பி.வி.சி., வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். ஒன்றரை மீட்டர் ஜன்னல், விடிகாலையிலிருந்து மதியத்துக்குள் 30 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது. எவ்வளவு நீளும்? பெருக்கிப் பார்த்தாயா? மூன்று மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். அதற்கு இடம் வேண்டாமா? அதனால்தான் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு, இழுபடும் சிலிக்கோன் பசையால் மூடுகிறார்கள். சிமென்ட் வைத்து இறுக்கிப் பூசிவிட்டால் சட்டம் வளைந்து, கதவைச் சரியாகச் சாத்த முடியாது. அடர்ந்த நிறம் அதிகம் சூடாகும். மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெள்ளையே போதும் என்பது என் கட்சி.

யு.பி.வி.சி. துருப்பிடிக்காது, கறையான் தொடாது, மழையில் ஊறி உப்பாது. கடலோர ஊர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் பழைய வீட்டில் நல்ல தேக்கு ஜன்னல் இருந்தால், அதைப் பெயர்த்தெடுத்து இதைப் போட வேண்டாம். தேக்கு இன்னும் பல காலம் உழைக்கும். இன்னொன்று, பொருத்தும்போது மிஞ்சும் துண்டுகளைக் குப்பையோடு சேர்த்து எரிக்க விடாதே. உள்ளிருக்கும் குளோரின் நச்சுப் புகையாக வரும்.

கடைசியாக உனக்கு ஒரு வேலை. தள்ளித் திறக்கும் ஜன்னலின் அடித்தடத்தில், வெளிப்பக்கமாகச் சிறு துளைகள் இருக்கும். மழைநீர் வடிய வேண்டிய வழி அது. பூச்சு வேலையின்போது சிமென்ட் போய் அவற்றை அடைத்துவிடும். பொருத்தி முடித்ததும் தடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார். வெளியே வடிந்தால் சரி. வீட்டுக்குள் வழிந்தால், பொருத்த வந்த அண்ணனை அப்போதே கூப்பிட்டுக் காட்டு. முழுப் பணமும் வாங்கிவிட்டால் அவர் திரும்பி வருவது கொஞ்சம் கஷ்டம்!