பூஜை முதலில்... பிளான் அப்புறமா? வீடு கட்டுவோரே, உஷார்!

(நமது நிருபர்)

சென்னை —

நல்ல நாள் பார்த்தாச்சு. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூமி பூஜையும் போட்டாச்சு. பாதித் தெருவை அடைத்துக்கொண்டு ஜல்லி குவிந்து கிடக்கிறது. கடக்கால் தோண்ட ஆட்கள் மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள்.

"பிளான் அப்ரூவல் வந்துடுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் மேஸ்திரி முகத்தைப் பார்ப்பார். மேஸ்திரி சிரிப்பார். "அது பாட்டுக்கு வரும் சார்... நீங்க வேலையை ஆரம்பிங்க!"

சென்னையில் எந்தப் பேட்டையிலும் கேட்கிற வசனம் இது. இதை நம்பி பி.எப். பணத்தையும் மனைவியின் நகையையும் காங்கிரீட்டில் கொட்டியவர்கள்தான் பிற்பாடு கையில் நோட்டீசை வைத்துக்கொண்டு மண்டல ஆபீஸ் படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள்.

மேஸ்திரிக்கு என்ன? அவர் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். நோட்டீஸ் வருவது வீட்டுக்காரர் பெயருக்கு!

'சீல்' எப்படி விழுகிறது?

1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் ரொம்பத் தெளிவாகச் சொல்கிறது. அனுமதி இல்லாமல் கட்டினாலும் தப்பு. வாங்கிய அனுமதியை மீறிக் கட்டினாலும் தப்பு. இரண்டு மாடிக்கு பிளான் வாங்கி மூன்றாவது மாடி எழுப்பினால், அந்த மூன்றாவது மாடி சட்டத்தின் கண்ணில் அனாதை!

முதலில் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ். பிறகு பூட்டி சீல். அதற்கும் மசியாவிட்டால் இடிப்பு. அரசாங்கத்துக்கு அப்பீல் செய்ய வழி இருக்கிறது. ஆனால் அப்பீல் நடக்கும் வரை செங்கல் மழையில் நனையும். கம்பி துருப்பிடிக்கும். கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

"எல்லாம் கட்டி முடிச்சிட்டு அபராதம் கட்டி சரி பண்ணிக்கலாம்" என்று சொல்கிற புரோக்கர்களும் உண்டு. விதி மீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த அரசு முன்பு திட்டம் கொண்டு வந்தது உண்மைதான். ஆனால் அதில் கடைசியாக வைத்த கெடு 2007 ஜூலை 1. அந்தத் தேதிக்குப் பின்னால் கட்டியவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

ரப்பரும் சுத்தியலும்

சரி, பிளான் முதலில் வந்தால் என்ன, நடுவில் வந்தால் என்ன?

வித்தியாசம் இருக்கிறது. பக்கத்து மனைக்கும் உங்கள் சுவருக்கும் நடுவில் விடவேண்டிய இடம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளானில் இருக்கும்போது கண்டுபிடித்தால் ரப்பரை வைத்து அழித்து வேறு கோடு போடலாம். பில்லர் ஏறிய பிறகு கண்டுபிடித்தால்? சுத்தியல்தான்!

அந்த இடம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும், கழிவுநீர்க் குழாய் போடவும், தீப்பிடித்தால் ஆட்கள் உள்ளே வரவும் அதுதான் வழி. மழைநீர்த் தொட்டி எங்கே என்பதையும் பிளானிலேயே காட்ட வேண்டும். 2003-ல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கிய விஷயம் அது.

மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் அது பொதுவாக 2 மடங்கு. 2,400 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 4,800 சதுர அடி. ஆனால் ரோட்டின் அகலம், உயரம், விடவேண்டிய இடம் எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

மனையில் இருக்கிறது மர்மம்

வீடு கட்டும் தகராறு பாதி, மனை வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது.

கிரயப் பத்திரம் கையில் இருக்கும். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். பத்திரத்தில் 40 அடி, அளந்து பார்த்தால் 38 அடி! இந்த இரண்டு அடி எங்கே போனது என்று தெரியாமல் பிளான் போட்டால் அது எப்படித் தேறும்?

ஆகவே பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சர்வே வரைபடம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கிலும் பெயர், சர்வே எண், அளவு ஒத்துப்போக வேண்டும். போகவில்லையா? முதலில் தாலுகா ஆபீஸ். பிறகுதான் இன்ஜினியர்.

அடுத்தது லே-அவுட். அப்ரூவல் இல்லாத மனைப்பிரிவில் வாங்கியவர்களுக்காக 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவான மனைகளுக்குத்தான் அது. கொடி நட்டு, ஷாமியானா போட்டு, டீ காபி கொடுத்து விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

ஏரி, குளம், கால்வாய் பக்கமென்றால் இன்னும் ஜாக்கிரதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் வந்ததை நகரம் பார்த்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும் வரை அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி தரக்கூடாது என்று உத்தரவு போட்டது. கடற்கரை ஓரத்துக்குத் தனி விதி. விமான நிலையம் பக்கம் உயரத்துக்குத் தனி விதி. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை!

ஒரு கிரவுண்டுக்காரருக்கு நல்ல சேதி... கூடவே ஓர் எச்சரிக்கை

"ஆபீசுக்கு நடையாய் நடந்து செருப்பு தேய்ந்தது" என்று புலம்பியவர்களுக்கு 2024 ஜூலையில் ஒரு வழி பிறந்தது. சுயசான்றுத் திட்டம்.

2,500 சதுர அடி வரையுள்ள மனை. அதில் 3,500 சதுர அடி வரை வீடு. தரைத் தளம், அல்லது தரையும் முதல் மாடியும். இதற்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, பத்திரங்களையும் பிளானையும் ஏற்றி, பணத்தைக் கட்டினால் உடனே அனுமதி. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஆக, ஒரு கிரவுண்டும் அதற்குக் கீழும் வைத்திருக்கிற நடுத்தரக் குடும்பங்கள் இதற்குள் வந்துவிடுகின்றன.

அப்படியானால் "அப்ரூவல் லேட்டாகும்" என்று மேஸ்திரி சொல்லும் சாக்கு இங்கே செல்லாது. எச்சரிக்கை என்னவென்றால், பெயரே சுயசான்று! "நான் சொல்வதெல்லாம் உண்மை" என்று கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். அதிகாரி முன்கூட்டியே வந்து டேப் பிடித்து அளக்கப் போவதில்லை. அளவு பொய் என்று தெரிந்தால் பொறுப்பு உங்கள் தலையில்.

பெரிய கட்டடங்கள் வேறு கதை. அவற்றின் அளவைப் பொறுத்து மாநகராட்சியோ, சி.எம்.டி.ஏ.வோ பார்க்கும். 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். அதற்குத் தீயணைப்புத் துறை உள்பட பல இலாகாக்களின் சம்மதம் வேண்டும்.

61 உயிர்!

அனுமதிச் சீட்டு கைக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா?

மௌலிவாக்கத்தைக் கேளுங்கள்.

2014 ஜூன் 28. சனிக்கிழமை சாயங்காலம். மழை. போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புக்கு வந்தவர்கள் பலர். நாள்கணக்கில் இடிபாட்டைத் தோண்டினார்கள். வெளியே வந்த பிணங்கள் 61.

பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை யாரும் நம்பவில்லை. 2016 நவம்பர் 2-ம் தேதி வெடி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருந்தது! பேப்பரில் இருந்த அனுமதி, தூணைத் தாங்கிப் பிடிக்கவில்லை. வேலை நடக்கும்போது நேரில் போய்ப் பார்க்கிற கண் எவ்வளவு முக்கியம் என்பதை அந்த 61 பேர் உயிரைக் கொடுத்து ஊருக்குச் சொன்னார்கள்.

எப்போது பார்க்க வேண்டும்?

மாடி ஒன்றாக இருந்தாலும் பதினொன்றாக இருந்தாலும், காங்கிரீட் கொட்டிய பிறகு உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. பார்க்க வேண்டியதெல்லாம் கொட்டுவதற்கு முன்னால்தான்.

கடக்கால் தோண்டியதும் ஒரு தடவை. மண் கெட்டியா, களியா, குப்பை கொட்டி மூடிய இடமா என்று இன்ஜினியர் குழியில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

பேஸ்மட்டத்தில் ஒரு தடவை. சுவர் எழும்புவதற்கு முன் நான்கு பக்கமும் டேப் பிடித்து, பிளானில் உள்ளபடி இடம் விட்டிருக்கிறதா என்று அளக்க வேண்டும். இங்கே பிழை தெரிந்தால் நஷ்டம் ஆயிரத்தில். மாடி ஏறிய பிறகு தெரிந்தால் லட்சத்தில்.

கம்பி கட்டியதும் ஒரு தடவை. கம்பி பலகையை ஒட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது. பில்லருக்குச் சாதாரணமாக 40 மில்லிமீட்டர், தளத்துக்கு 20 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்னைக் கடல் காற்றுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துக் கூரை உதிரும்.

காங்கிரீட் அன்றைக்குக் கலவையை இளக்க ஆள் பாட்டுக்குப் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுவார். தடுத்து நிறுத்துங்கள். அதிகத் தண்ணீர் பலத்தைக் குறைக்கும். அதே கலவையில் 15 சென்டிமீட்டர் கட்டிகள் போட்டு வைத்து, 28-ம் நாள் லேபில் நசுக்கிப் பார்த்தால் சரக்கு என்ன என்று தெரிந்துவிடும்.

கடைசியாக சென்ட்ரிங். பலகை வாடகை ஏறுகிறதென்று அவசரமாகப் பிரிக்கக் கூடாது. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுக் கட்டைகள் குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேலென்றால் 14 நாள். கீழே நின்று பிரிக்கிறவனும் யாரோ ஒருத்தி வழி பார்த்துக் காத்திருக்கிற ஆள்தான்.

பிளானுக்குப் பணம் கட்டும்போது கட்டுமானத் தொழிலாளர் நல நிதி என்று ஒரு தொகை வசூலிக்கிறார்கள். பலர் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறார்கள். அனுமதி இல்லாமல் கட்டுகிறவர் அரசாங்கத்தை மட்டும் ஏமாற்றவில்லை. சாரத்தில் ஏறுகிற சித்தாளுக்குச் சேர வேண்டியதையும் ஏமாற்றுகிறார்!

கவர் கேட்டால்?

இதையும் எழுதாவிட்டால் வாசகர்கள் நம்மை விட மாட்டார்கள். "எல்லாம் சரியா இருந்தாலும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாத்தானே நடக்குது?"

2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் குற்றவாளி. 7 ஆண்டு வரை உள்ளே போகலாம். ஆனால் வற்புறுத்தலுக்குப் பயந்து கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்துவிட்டால் தப்பலாம். முன்கூட்டியே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனால் இன்னும் நல்லது.

ஒன்றை மறக்கக் கூடாது. பிளானில் ஓட்டை இருக்கிறவரிடம்தான் தைரியமாகக் கேட்பார்கள். அனுமதி வாங்காமல் கடக்கால் தோண்டியவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு புகார் கொடுப்பார்? பேப்பர் சுத்தமாக இருந்தால் "என்ன குறை என்று எழுதிக் கொடுங்கள் சார்" என்று நிமிர்ந்து கேட்கலாம்.

பிளாட் வாங்குகிறவர்களுக்கு

நீங்கள் கட்டவில்லை, கட்டியதை வாங்குகிறீர்கள் என்றாலும் இந்தக் கதை உங்களுக்கும்தான்.

2024 டிசம்பர் 17-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் வரிசையாக உத்தரவுகள் போட்டது. அனுமதித்த பிளானை சைட்டில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே கரண்டும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். பேங்குகளும் அதைச் சரிபார்த்துத்தான் கடன் தர வேண்டும். தமிழ்நாட்டில் சிறிய வீடுகளுக்கு நிறைவுச் சான்றில் விலக்கு உண்டு. அடுக்குமாடிக்காரர்கள் அந்த விலக்கைக் காட்டித் தப்பப் பார்த்தால் நம்பாதீர்கள்.

ஆகவே பிளாட் பார்க்கப் போகிறவர்கள் டைல்சையும் பாத்ரூம் குழாயையும் தட்டிப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். அனுமதி எண் என்ன? எத்தனை மாடிக்கு அனுமதி? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த எண் என்ன? மூன்றுக்கும் பேப்பரைக் காட்டினால் மேலே பேசலாம். "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கு சார், முதல்ல டோக்கன் அட்வான்ஸ் போடுங்க" என்று ஆள் இழுத்தால்... வந்த பஸ்சிலேயே திரும்பி ஏறுங்கள். பஸ் டிக்கெட் காசோடு போகட்டும்!